பென்சில் புருவம் ஏன் வந்தது, ஏன் போனது? பழைய ஹொலிவூட் நடிகைகளின் முகம் பற்றி ஒரு கேள்வி

பண்டாரவளை சலூன்காரி கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். பண்டாரவளையில் சின்னதாக ஒரு சலூன் நடத்துகிறேன். மணப்பெண் அலங்காரம்தான் சோறு போடுகிறது. ஆவணியில் ஒரு கல்யாணம் வருகிறது. முகூர்த்தத்துக்குப் பட்டுச்சேலை, நெற்றிச்சுட்டி, ஜடை எல்லாம் நம்ம வழக்கப்படிதான். மாலை வரவேற்புக்கு மட்டும் "பழைய ஹொலிவூட் லுக்" வேண்டுமாம். போனில் மூன்று படம் காட்டினார். ஜீன் ஹார்லோ, ரீட்டா ஹேவர்த், ஓட்ரி ஹெப்பர்ன்.

எனக்குத் தலை சுற்றியது. முதல் ஆளுக்குப் புருவமே இல்லை, பென்சிலால் இழுத்த ஒரு கோடுதான். மூன்றாவது ஆளுக்கு என் சுண்டுவிரல் தடிப்பில் புருவம். நடுவில் இருப்பவருக்கு முடிதான் எல்லாமே. ஹார்லோ 1930களில் கொடிகட்டிப் பறந்தவர். ஓட்ரி பெயர் வாங்கியது 1953இல். இருபது வருசத்துக்குள் அழகு எப்படி இப்படித் தலைகீழானது? சனங்களின் ரசனை மாறியதா, இல்லை யாராவது உட்கார்ந்து தீர்மானித்தார்களா?

இன்னொரு விசயம். பெண் நல்ல மாநிறம், லட்சணமான பிள்ளை. அவருடைய அம்மாவோ "படத்தில் இருக்கிற மாதிரி வெள்ளையாக வரணும்" என்று ஒரே பிடிவாதம். பெண் புருவத்தை ஹார்லோ மாதிரி நூலாக்கச் சொல்கிறார். நான் யார் பேச்சைக் கேட்க?

நோர்வூட் தம்பி:

அக்கா, புருவத்தில் மட்டும் கை வைக்காதீங்க. எங்கள் பெரியம்மா மகள் ஒருத்தி கல்யாணத்துக்கு மெல்லிசாக எடுத்தாள். பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகும் அது முழுசாக முளைக்கவில்லை.

ஹார்லோவின் முடி இன்னும் மோசம். வெளுப்பதற்குப் பெரொக்சைட், அமோனியா, துணி வெளுக்கிற க்ளொரொக்ஸ் எல்லாம் போட்டதாக எழுதியிருக்கிறார்கள். முடி கெட்டுப்போய்ப் பிறகு விக் வைத்தும் நடித்தாராம். 1937இல் 26 வயதில் செத்துப்போனார். முடிச்சாயம்தான் கொன்றது என்று ஒரு கதை சுற்றுகிறது, அதை நம்ப வேண்டாம். சிறுநீரகம் செயலிழந்துதான் இறந்தார்.

ஹட்டன் ஸ்டூடியோக்காரர்:

மகள், எனக்கு அலங்காரம் தெரியாது. படமெடுக்கத் தெரியும். 1970களின் தொடக்கத்தில் ஹட்டனில் ஒரு ஸ்டூடியோவில் வேலை பழகினேன். சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குக் கப்பலேறப் போகிறவர்கள் பாஸ்போர்ட்டுக்காகக் குடும்பம் குடும்பமாக வந்து உட்கார்ந்த காலம் அது. கண்ணாடி, சீப்பு, குட்டிக்கூரா பவுடர் டப்பா மூன்றும் வாசலிலேயே இருக்கும். கொழுந்து மலையில் வெயிலும் மழையும் பட்ட முகத்தில் அந்தப் பவுடரை அப்பிக்கொண்டு வந்து உட்காருவார்கள். படத்தில் சாம்பல் பூசிய மாதிரி விழும். அதனால் நீங்கள் கேட்ட கேள்வி எனக்குப் புதிதில்லை.

நான் நினைப்பது இதுதான். புருவம், உதடு, முடி எல்லாவற்றையும் முதலில் தீர்மானித்தது பிலிமும் லைட்டும். ரசனை அதன் பின்னால் நடந்து வந்தது.

இருட்டறையில் சிவப்பு பல்ப் எரிவதைச் சினிமாவிலாவது பார்த்திருப்பீர்கள். பிரிண்ட் போடுகிற பேப்பருக்குச் சிவப்பு வெளிச்சம் தெரியாது, அதனால்தான் அதை எரிய விடலாம். 1920களின் நடுப்பகுதி வரை ஹொலிவூட் பாவித்த பிலிமும் ஏறத்தாழ அப்படித்தான், சிவப்பு அதன் கண்ணுக்குப் படாது. உதட்டில் சிவப்புப் பூசினால் திரையில் கறுப்பு. கன்னம் கொஞ்சம் சிவந்திருந்தால் அழுக்கு மாதிரித் தெரியும். நீலக் கண்ணோ வெளுத்துப்போய்ப் பேய்க்கண் ஆகிவிடும். அதனால் முகம் முழுக்க வெள்ளையாகப் பூசி, கண்ணைச் சுற்றிக் கறுப்படித்து, உதட்டைச் சின்னதாக வரைந்தார்கள். 1927இல் 'இட்' படத்தில் வந்த கிளாரா போவின் உதடு, இரண்டு இதழ் வைத்த பூ மொட்டு மாதிரி இருப்பதைப் பாருங்கள். மேக்கப் போட்டவர் மாக்ஸ் ஃபாக்டர். போலந்தில் விக் கட்டப் பழகி 1904இல் அமெரிக்கா போனவர். செட் லைட்டின் சூட்டில் பூச்சு உருகி வாயோரம் ஓடுகிறது என்று உதட்டின் நடுவில் மட்டும் வைத்தாராம். ஆக, உலகம் முழுக்கப் பெண்கள் கண்ணாடி முன்னால் நின்று வரைந்த அந்தக் குட்டி உதடு, சூட்டுக்குப் பயந்து வந்தது!

அப்புறம் எல்லா நிறமும் தெரிகிற பங்குரோமெட்டிக் பிலிம் வந்தது. பேசும் படம் வந்ததும் இரைச்சல் போடுகிற ஆர்க் விளக்குகளை ஓரமாக வைத்துவிட்டு டங்ஸ்டன் பல்புக்குப் போனார்கள். தோலின் நிறம் ஓரளவு உள்ளபடி விழத் தொடங்கியது. சுண்ணாம்பு பூசிய முகம் அதோடு போய்விட்டது. இப்போது அழகு என்றால் நிழல். நடிகை மார்லின் டீட்ரிக்கை வைத்துப் படமெடுத்த இயக்குநர் ஸ்டெர்ன்பெர்க், விளக்கை நேர் முன்னால், ஆனால் நல்ல உயரத்தில் வைப்பார். மூக்குக்குக் கீழே பட்டாம்பூச்சி மாதிரி ஒரு சின்ன நிழல் விழும். கன்னம் உள்வாங்கும். கண்ணிமை மினுங்கும். அந்த லைட்டுக்குச் சொந்தப் புருவம் இடைஞ்சல். அதை எடுத்துவிட்டு அரை விரல் மேலே ஒரு கோடு வரைந்தால் கண் பெரிதாகும், முகபாவம் கடைசி வரிசை வரை தெரியும். கிரேட்டா கார்போ, டீட்ரிக், ஹார்லோ மூன்று நடிகைகளுக்கும் புருவம் நூலானது இப்படித்தான். ஹார்லோவின் வெள்ளி முடியும் அதே கணக்கு. பின்னாலிருந்து ஒரு லைட்டை விட்டால் கறுப்பு வெள்ளைப் படத்தில் தலையைச் சுற்றி ஒளிவட்டம். 1931இல் அவர் நடித்த படத்துக்கே 'பிளாட்டினம் புளொண்ட்' என்றுதான் பெயர்.

என்னைக் கேட்டால் டீட்ரிக் ஒருத்தர்தான் அந்தக் கூட்டத்தில் முழு ஆள். தனக்கு எங்கே விளக்கு வைக்கவேண்டும் என்று தானே சொல்லத் தெரிந்தவர்.

உங்கள் மணப்பெண் பார்த்தது படச்சட்டத்துக்குள் இருக்கிற ஸ்டில். அதில் இன்னொரு கள்ளத்தனம் இருக்கிறது. எம்.ஜி.எம். கம்பெனிக்கு ஸ்டில் எடுத்தவர் ஜோர்ஜ் ஹரல். நடிகை ஜோன் குரோஃபோர்டின் முகத்தில் நிறையப் புள்ளி மச்சம் உண்டு. அதை நெகட்டிவிலேயே பென்சில் வைத்து மணிக்கணக்கில் மறைத்தார்கள். நானும் அந்த வேலை செய்தவன்தான். நெகட்டிவில் மருந்து தடவி, ஊசி மாதிரிச் சீவிய பென்சிலால் புள்ளி புள்ளியாக வைத்தால் அந்த இடம் பிரிண்டில் வெளுக்கும். கண்ணுக்குக் கீழ்க் கறுப்பு, அம்மைத் தழும்பு, நெற்றிச் சுருக்கம் எல்லாம் போகும். "ஐயா, பொண்ணைக் கொஞ்சம் செவப்பா போடுங்க" என்று கேட்காத தாய் தகப்பன் குறைவு. மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்புகிற படம் அல்லவா? எங்கள் முதலாளி அதற்குத் தனிக் காசு வாங்குவார். பிறகு பெண் பார்க்க வந்த இடத்தில் என்ன நடந்தது என்று அவர் விசாரித்ததே இல்லை.

சரி, நூல் புருவம் ஏன் போனது? கலர் வந்தது ஒரு காரணம். டெக்னிகலர் கமராவுக்குப் பழைய எண்ணெய்ப் பூச்சு ஒத்துவரவில்லை. மினுமினுத்து, பக்கத்தில் நிற்கிறவரின் சேலை நிறத்தை — சேலை எங்கே, கவுன் நிறத்தை — முகத்தில் வாங்கிக்கொள்ளும். ஈரப் பஞ்சால் பூசுகிற பான்கேக்கை மாக்ஸ் ஃபாக்டர் கம்பெனி அதற்காகச் செய்தது. 1938இல் கடைக்கும் வந்தது. முகம் மட்டாக, தோல் மாதிரியே தெரிந்தது. அப்படிப்பட்ட முகத்தில் பென்சில் கோடு பொய்யாகத் தெரியும். 1939இல் சுவீடனிலிருந்து வந்த இங்ரிட் பேர்க்மனின் புருவத்தைத் தொடவேண்டாம், பெயரையும் மாற்றவேண்டாம் என்று தயாரிப்பாளர் செல்ஸ்னிக் விட்டுவிட்டார். அதையே விளம்பரமும் ஆக்கினார். வியாபாரிதானே.

அடுத்தது யுத்தம். வெரோனிக்கா லேக் என்று ஒருவர், ஒரு கண்ணை மறைத்து முடி விழும். தொழிற்சாலையில் வேலைக்குப் போன பெண்கள் அதே மாதிரி விட, மெஷினில் முடி மாட்டுகிற ஆபத்து. 1943இல் அரசாங்கத்தின் பாதுகாப்புப் பிரசாரத்துக்காக அவர் முடியை ஏற்றிக் கட்டிக்காட்டினார். தேயிலை ஃபெக்டரியில் ரோலர் பக்கம் நிற்கிற பெண்கள் ஏன் கொண்டையை இறுக்கிக் கட்டுகிறார்கள் என்று தெரிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ரீட்டா ஹேவர்த் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். அவர் பிறந்த பெயர் மார்கரீட்டா கான்சினோ, அப்பா ஸ்பெயின்காரர். கறுத்த முடி, முன்நெற்றியில் இறங்கி வளர்ந்திருக்கும். மின்சாரத்தால் வேரைச் சுட்டு அந்த முடிக்கோட்டை மேலே ஏற்றினார்கள், சாயம் போட்டார்கள், தாய்வழிப் பெயரை வைத்தார்கள். உலகமே பேசிய அந்தச் செம்பட்டை முடி 1946இல் 'கில்டா'வில் ஆடுகிறது. படம் கறுப்பு வெள்ளை!

ஓட்ரியைப் பற்றி வேறு யாராவது எழுதுங்கள். எனக்குக் கண் வலிக்கிறது.

தலவாக்கலை டீச்சர்:

ஸ்டூடியோ ஐயா நன்றாகச் சொன்னீர்கள். ஆனால் எல்லாப் பழியையும் பிலிம் மேல் போட்டுவிட்டீர்கள். ஒரு முகத்துக்கு லைட் வைக்கலாமா வேண்டாமா என்று முடிவெடுத்தது கமரா இல்லையே.

நடிகை மெர்ல் ஓபரோன் கதை தெரியுமா? 1911இல் பம்பாயில் பிறந்தவர். அவரை வளர்த்த ஷார்லட் செல்பி நம்ம இலங்கையில் பிறந்த கலப்பினப் பெண். உண்மையில் ஷார்லட் அவருடைய பாட்டி, அக்கா என்று சொல்லப்பட்ட கொன்ஸ்டன்ஸ்தான் பெற்ற தாய். மெர்ல் லண்டன் போய் நடிகையானதும் டஸ்மேனியாவில் பிறந்தவர் என்று ஒரு கதையைக் கட்டிவிட்டார்கள். சாகும் வரை, 1979 வரை, அந்தக் கதையைக் காப்பாற்றினார். 1935இல் வந்த 'த டார்க் ஏஞ்சல்' படத்துக்குச் சிறந்த நடிகை ஒஸ்காருக்குப் பெயர் போனது. 2023இல் ஆசிய நடிகையான மிஷெல் யோ அந்த விருதை வாங்கியபோதுதான் பத்திரிகைகள் ஓபரோனைத் திரும்பத் தோண்டின. எங்கள் பாடசாலையில் உலக அழகு, சினிமா என்று பிள்ளைகள் பேசும்போது இதைச் சொன்னேன். "அப்ப அவங்க நம்ம நாட்டு ஆளா மிஸ்?" என்று கேட்டு ஒரு பிள்ளை அவர் படத்தை போனில் தேடி எடுத்தது. பார்த்துவிட்டு, "இவங்க வெள்ளைதானே" என்றது. லைட் போட்டவர்கள் கெட்டிக்காரர்கள்.

அன்னா மே வொங் லொஸ் ஏஞ்சலிஸிலேயே பிறந்த சீனப் பெண். 1937இல் வந்த 'த குட் ஏர்த்' சீன விவசாயக் குடும்பத்தின் கதை. அதில் கதாநாயகி வேடம் ஜெர்மனியில் பிறந்த லுயிஸ் ரைனருக்குப் போய், அவர் ஒஸ்காரும் வாங்கினார். கறுப்பினப் பாடகி லீனா ஹோர்னுக்கென்று ஒரு பூச்சு நிறம் தயாரித்தார்கள், அதற்கு 'லைட் ஈஜிப்ஷியன்' என்று பெயர். பிறகு கலப்பினப் பெண் வேடம் போட்ட வெள்ளை நடிகைகளுக்கு அதையே பூசினார்கள் என்று அவரே சொல்லியிருக்கிறார். நிறம் வேண்டும், ஆள் வேண்டாம். சலூன் தங்கச்சி, அந்தப் பெண்ணின் அம்மாவுக்கு இதைச் சொல்லுங்கள்.

மருந்துச்சாலைத் தாதி:

வெள்ளையாக்குகிற கிரீம் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. கல்யாணத்துக்கு இரண்டு மூன்று மாதம் இருக்கும்போது டவுனில் லேபல் இல்லாத டப்பாவை வாங்கிப் பூசுகிற பிள்ளைகளைப் பார்க்கிறேன். சிலதில் பாதரசம் இருக்கும். அது தோலோடு நிற்காது, சிறுநீரகம் வரை போகும். உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாத எதையும் வாங்க விடாதீர்கள்.

ஹட்டன் ஸ்டூடியோக்காரர்:

டீச்சர் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன், பாதிதான். விளக்கு வைக்க முடிவெடுத்தது மனிதர்கள், சரி. ஆனால் அந்த மெர்லுக்கே நடந்ததைக் கேளுங்கள். 1937இல் லண்டனில் கார் விபத்தில் முகத்தில் தழும்பு விழுந்தது. பிறகு அவரைக் கட்டிய ஒளிப்பதிவாளர் லூசியன் பல்லார்ட், கமராவின் லென்ஸுக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன விளக்கைப் பொருத்தினார். நேராக அடிக்கிற வெளிச்சத்தில் மேடு பள்ளம் தெரியாது, தழும்பு மறைந்துவிடும். அந்த விளக்குக்கு அவர் பெயரையே சுருக்கி 'ஓபி' என்று வைத்தார்கள். மகள், உங்கள் சலூனில் போன் செருகுகிற ரிங் லைட் இருக்குமே, அதன் மூத்த அக்கா இது.

ஓட்ரியைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை, நானே எழுதுகிறேன். 1953 ஒரு விசித்திரமான வருசம். ஒரே வருசத்தில் மர்லின் மன்றோ 'நயாகரா'விலும் 'ஜென்டில்மென் பிரிஃபர் புளொண்ட்ஸ்'இலும் வருகிறார், ஓட்ரி ஹெப்பர்ன் 'ரோமன் ஹொலிடே'யில் வருகிறார். ஒருவர் முழுக்க வளைவு, வெளுத்த முடி, திறந்த வாய். மற்றவர் மெலிந்த தோள், வெட்டிய முடி, தடித்த புருவம். ஓட்ரி யுத்த நேரத்தில் ஒல்லாந்தில் பசியோடு வளர்ந்த பிள்ளை. 1944–45 பனிக்காலத்தில் அங்கே சனங்கள் சாப்பாடில்லாமல் செத்தார்கள். அந்த மெலிவை உலகம் நாகரிகம் என்று எடுத்துக்கொண்டது, என்னால் அதை ரசிக்க முடிந்ததில்லை. அதே வருசம் சினிமாஸ்கோப் என்ற அகலத்திரைப் படமும் வந்தது. ஆரம்ப லென்ஸுகளில் குளோசப் எடுத்தால் முகம் பக்கவாட்டில் வீங்கித் தெரியும். அம்மைக்கட்டு என்று கமராக்காரர்கள் கிண்டல் செய்வார்களாம்.

அந்த வருசம் இங்கேயும் ஒன்று நடந்தது. 'எலிஃபண்ட் வோக்' என்ற படம், இலங்கைத் தேயிலைத் தோட்டத்து துரை, அவர் கட்டிக்கொண்டு வந்த துரைசானி, யானை பற்றிய கதை. துரைசானியாக நடிக்க வந்தவர் விவியன் லீ. டார்ஜிலிங்கில் பிறந்தவர், அப்போது 39 வயது. இலங்கையில் படப்பிடிப்பு நடந்த நேரத்திலேயே மனநலம் குலைந்து, ஹொலிவூட் திரும்பியதும் விலக வேண்டி வந்தது. அவர் இடத்துக்கு வந்த எலிசபெத் டெய்லருக்கு 21. இலங்கையில் எடுத்த தூரக் காட்சிகளை அப்படியே வைத்துக்கொண்டார்கள். 1954இல் வந்த படத்தைப் பாருங்கள், கிட்ட வந்தால் டெய்லர், தூரத்தில் போகிறவர் சில இடங்களில் விவியன் லீ. பதினெட்டு வயது வித்தியாசம், ஒரே உடுப்பு. எங்கள் முதலாளி இந்தப் படத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் தேநீர் ஆறிவிடும். "அழகு எல்லாம் கிட்டத்துக்குத்தான்டா" என்பார்.

பண்டாரவளை சலூன்காரி:

எல்லோருக்கும் நன்றி. நேற்றுப் பெண்ணையும் அம்மாவையும் கூப்பிட்டு உட்காரவைத்து இதெல்லாம் காட்டினேன். புருவம் தப்பியது. ரீட்டா ஹேவர்த் மாதிரி அலை முடி, சிவப்பு உதடு, ஃபவுண்டேஷன் கழுத்து நிறத்துக்கே. அம்மாவுக்கு இன்னும் மனமில்லை. "படத்தில் கறுப்பாக விழுந்தால் சொந்தக்காரர் என்ன சொல்வாங்க" என்கிறார். அதுதான் என் கடைசிக் கேள்வி. ஐயா, மாநிறத்துக்கு எப்படி லைட் வைப்பது? மண்டபத்தில் கூரையில் டியூப்லைட்தான் இருக்கிறது. படமெடுக்க வருவது எங்கள் ஊர்ப் பையன், சொன்னால் கேட்பான்.

ஹட்டன் ஸ்டூடியோக்காரர்:

பையனிடம் இப்படிச் சொல்லுங்கள். மணவறைக்கு மேலே இருக்கிற டியூப்லைட்டை அணைக்கவேண்டும். உச்சியிலிருந்து விழுகிற வெளிச்சத்தில் கண் குழியாகும். ரிங் லைட் வேண்டாம், அது முகத்தைத் தட்டையாக்கி நெற்றியில் எண்ணெய் வழிவது போலக் காட்டும். பெரிய குடை லைட் ஒன்று, பக்கவாட்டில், கண்ணுக்குக் கொஞ்சம் மேலே. மாநிறத் தோல் அழகாக விழுவது அதில் ஏறுகிற மினுக்கத்தால். அந்த மினுக்கம் கன்னத்து எலும்பில் பரந்து உட்காரவேண்டும். எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைத் துணியைப் பிடிக்கச் சொல்லுங்கள், அது போதும்.

பின்னால் வெள்ளைத் திரை கட்டாதீர்கள். வெள்ளைக்கு முன்னால் நிறுத்திவிட்டு கமராவைத் தானாக அளக்க விட்டால் முகத்தை இன்னும் இருட்டாக்கிவிடும். கரும்பச்சை, மெரூன் மாதிரி ஏதாவது கட்டுங்கள். வெளிச்சத்தை முகத்தில் வைத்து அளக்கச் சொல்லுங்கள், சேலையில் வேண்டாம். முடி கறுப்பு என்பதால் அலை தெரிய, பின்னால் தோள் உயரத்தில் இன்னொரு சின்ன லைட் வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் இரண்டு மணித்தியாலம் சுருட்டிய முடி ஒரே கறுப்புக் கட்டியாகத் தெரியும்.

முடிந்தால் மண்டபத்துக்குப் போகுமுன் நாலு மணிக்கு சலூன் ஜன்னல் பக்கம் நிறுத்தி நாலு படம் எடுங்கள். உங்கள் ஊரில் பின்னேரம் மூடம் இறங்கினால் அந்த வெளிச்சத்துக்கு நிகராக ஒரு லைட்டும் காசு கொடுத்து வாங்க முடியாது. அம்மாவுக்கு முதலில் அந்தப் படத்தைக் காட்டுங்கள். பையன் ஃபில்டர் போடுவான், போனை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.